ஒதுங்கும் பிள்ளையும் உதவும் வீடும்

பத்து வயது வரை வீடு முழுக்க ஓடித் திரிந்த பிள்ளை, பன்னிரண்டு பதின்மூன்றில் அறைக் கதவைச் சாத்திக்கொள்வது பல வீடுகளில் நடப்பதுதான். அமெரிக்க உளவியலாளர் ரீட் லார்சனும் அவருடைய சகாக்களும் பள்ளிப் பிள்ளைகளிடம் பேஜர் என்ற சிறு அழைப்புக் கருவியைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் எங்கே, யாரோடு, எந்த மனநிலையில் இருக்கிறார்கள் என்று குறித்துவைக்கச் சொன்னார்கள். 1996-இல் வெளியான அந்த ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் 35 சதவீதத்தைக் குடும்பத்தோடு கழித்தது. பன்னிரண்டாம் வகுப்பை எட்டும்போது அது 14 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. ஆகவே "முன்ன மாதிரி எங்ககூட உட்காரவே மாட்டேங்கிறான்" என்பதை மட்டும் வைத்து யாரும் பதற வேண்டாம். அந்த வயது அப்படி.

வீட்டிலிருந்து மிச்சம் பிடித்த நேரத்தைப் பிள்ளை எங்கே செலவழிக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. பெரும்பாலான பிள்ளைகள் நண்பர்களிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். சிலர் அங்கேயும் போவதில்லை. இடைவேளையில் வகுப்பறையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள், குழுவாகச் செய்யும் வேலை என்றாலே வயிற்றுவலி வரும், பிறந்தநாள் அழைப்பு வந்தால் வேண்டாம் என்பார்கள். இவர்கள் ஒதுங்குவதில் வீட்டின் பங்கு என்ன என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, வளர்ப்பு சரியில்லை. இன்னொன்று, பிறவிக் குணம், ஒன்றும் செய்வதற்கில்லை. நாற்பது வருட ஆய்வுகளைப் புரட்டினால் கிடைக்கும் படம் இரண்டோடும் ஒட்டவில்லை. ஒதுங்கலை வீடு உண்டாக்குவது குறைவு. பாசத்தின் பேரில் அதற்கு வசதி செய்து கொடுப்பதுதான் அதிகம்.

நாலு விதமான தனிமை

தனியாக இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகத் தனியாக இருப்பதில்லை. ஜெர்மன் உளவியலாளர் யென்ஸ் ஆசென்டார்ஃப் 1990-இல் ஓர் எளிய பாகுபாட்டை முன்வைத்தார். பழக வேண்டும் என்ற ஆசை வேறு, பழகுவதில் உள்ள பயம் வேறு. ஆசையும் இருந்து பயமும் இருந்தால் அது கூச்சம். திடலின் ஓரத்தில் நின்று மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளை அது. ஒரு அடி எடுத்து வைக்கும், மறுபடி பின்வாங்கும். பயமும் இல்லை, ஆசையும் பெரிதாக இல்லை என்றால் அது வெறும் தனிமை விருப்பம். எதையாவது வரைந்துகொண்டோ கழற்றி மாட்டிக்கொண்டோ நிம்மதியாக இருக்கும், கூப்பிட்டால் வரும். ஆசை வற்றிப்போய் பயம் மட்டும் மிஞ்சியிருந்தால் அது தவிர்ப்பு. மூன்றில் அதிகம் கவலை தருவது இதுதான்.

இந்த மூன்றுக்கும் வெளியே நாலாவது ஒன்று இருக்கிறது. தானாக விலகாமல், மற்ற பிள்ளைகளால் விலக்கப்பட்ட பிள்ளை. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில், பிள்ளைகள் ஒதுங்குவதை ஆராயும் இந்தத் துறையைப் பல பத்தாண்டுகள் கட்டி எழுப்பிய கென்னத் ரூபின், உள்ளிருந்து வரும் விலகலையும் வெளியிலிருந்து வரும் விலக்கலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று திரும்பத் திரும்ப எழுதினார். நடைமுறையில் ஒன்று மற்றொன்றாக மாறிவிடுவதும் உண்டு. தயங்கி நிற்கும் பிள்ளை கேலிக்கு எளிதில் ஆளாகும். கேலிக்கு ஆளான பிள்ளை இன்னும் தயங்கும்.

வீட்டிலிருந்து பார்த்தால் நாலும் ஒன்றுபோலத்தான் தெரியும், அறைக்குள் ஒரு பிள்ளை. வித்தியாசம் தெரிய வேண்டுமானால், வாய்ப்பு வரும்போது என்ன நடக்கிறது என்று கவனிக்க வேண்டும். வகுப்பில் ஒருவர் அழைத்தார் என்றதும் முகம் மலர்ந்து, போகும் நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் கெட்டு, கடைசி நேரத்தில் "தலை வலிக்குது" என்றால் அங்கே ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. "போரடிக்கும், வேணாம்" என்று சொல்லிவிட்டு அப்புறம் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்றால் விட்டுவிடலாம். லார்சனின் 1997-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றின்படி, ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரையிலான பருவத்தில் தனிமை பிள்ளைகளுக்கு நன்மையும் செய்யத் தொடங்குகிறது. தனியாக இருந்துவிட்டு வந்த பிறகு மனநிலை தேறுகிறது. மிதமான அளவு தனிமை உள்ளவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். எல்லாத் தனிமையையும் நோயாகப் பார்ப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

ஏன் பன்னிரண்டு, பதின்மூன்றில்

எட்டு வயதில் கூச்சப்படும் பிள்ளைக்கு ஒரு சௌகரியம் உண்டு. வாயைத் திறக்காமலேயே பந்து உதைக்கலாம், கட்டம் கட்டலாம், ஒளிந்து விளையாடலாம். நட்பு என்பது ஏதாவது ஒன்றைச் சேர்ந்து செய்வது. பன்னிரண்டு வயதுக்கு மேல் விளையாட்டு இருந்த இடத்தைப் பேச்சு பிடித்துக்கொள்கிறது. யார் யாரோடு, யார் என்ன சொன்னார், உனக்கு யாரைப் பிடிக்கும் என்று நட்பு முழுக்க வாய்வழியாகிவிடும். பேசத் தயங்கும் பிள்ளைக்கு அதுவரை திறந்திருந்த வாசல் இங்கே அடைபடுகிறது. பல பெற்றோர் "இவ்வளவு நாள் நல்லாத்தானே இருந்தா?" என்று திகைப்பது இதனால்தான். பிள்ளை அப்படியேதான் இருக்கிறது. மாறியது ஆட்டத்தின் விதி.

கூடவே உடம்பு மாறுகிறது, பல இடங்களில் பள்ளியும் மாறுகிறது. எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற எண்ணம் உச்சத்துக்குப் போகிறது. உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் இதைக் கற்பனைப் பார்வையாளர் கூட்டம் என்று விவரித்தார். முகத்தில் ஒரு பரு வந்தால் பள்ளி முழுக்க அதைத்தான் பேசுகிறது என்று நம்பும் வயது. மற்றவர்கள் முன்னால் பேசவும் பழகவும் அளவுக்கு மீறிப் பயப்படும் சமூகப் பதற்றக் கோளாறு பெரும்பாலும் 13 வயதை ஒட்டித் தொடங்குவது தற்செயல் அல்ல.

பிள்ளையோடு வருவது

வீட்டைப் பற்றிப் பேசும் முன் வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டியதை வைத்துவிடலாம். ஹார்வர்டில் உளவியலாளர் ஜெரோம் கேகன், நாலு மாதக் குழந்தைகளுக்கு முன்னால் ஆடும் பொம்மைகளைக் காட்டினார், அறிமுகமில்லாத குரல்களைக் கேட்கவைத்தார், பஞ்சில் தோய்த்த சாராயத்தை மூக்கருகே பிடித்தார். சுமார் 20 சதவீதக் குழந்தைகள் கைகாலை உதறி, முதுகை வளைத்து அழுதார்கள். மற்றவர்களைவிட இவர்களே வளர வளரப் புதிய ஆட்களையும் இடங்களையும் கண்டு ஒடுங்குவது அதிகமாக இருந்தது. ஆனால் அந்த 20 சதவீதத்திலும் கடைசிவரை ஒடுங்கியே இருந்தவர்கள் சிறு பகுதிதான். மீதிப் பேர் நடுவில் எங்கோ போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த இடைவெளியில்தான் வீடு வருகிறது. கேகனின் குழுவில் இருந்த டோரீன் ஆர்கஸ் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். எளிதில் அதிரும் குழந்தைகளில், சிணுங்கியதும் ஓடிவந்து தூக்கிக்கொண்ட வீடுகளைவிட, கொஞ்சம் காத்திருந்து, வேண்டாததை வேண்டாம் என்று உறுதியாகச் சொன்ன வீடுகளின் குழந்தைகள் நடக்கத் தொடங்கிய பருவத்தில் பயம் குறைந்து காணப்பட்டார்கள். கேட்பதற்குக் கடுமையாகத்தான் இருக்கிறது. அதிகம் அழும் குழந்தையை அதிகம் அணைப்பதுதானே இயல்பு? இந்த விஷயத்தில் இயல்பாகத் தோன்றுவதே பல நேரம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

பதில் சொல்லும் அம்மா, போன் பேசும் அப்பா

வீட்டுக்கு ஒருவர் வருகிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து, "என்னப்பா, எந்த கிளாஸ் படிக்கிற?" என்று கேட்கிறார். பிள்ளை கீழே பார்க்கிறது. ஒரு நொடி, இரண்டு நொடி. அம்மாவால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. "ஏழாவது போறான். இவன் கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று சிரித்துக்கொண்டே முடித்துவைக்கிறார். வந்தவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார். பிள்ளை மெல்ல நழுவி அறைக்குள் போகிறது.

மொத்தம் பத்து நொடி. அதற்குள் மூன்று பேருக்கும் நிம்மதி கிடைத்துவிட்டது. சிக்கலும் அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. பயம் எழுந்தது, தப்பித்தாயிற்று, பயம் தணிந்தது. இந்த வரிசை ஒவ்வொரு முறை நடக்கும்போதும், தப்பித்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று மூளை கணக்கு வைத்துக்கொள்கிறது. பதில் சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கண்டுபிடிக்கும் சந்தர்ப்பம் பறிபோகிறது. அம்மாவும் அதே பாடத்தைத்தான் கற்கிறார்: நான் குறுக்கிட்டால் சங்கடம் தீர்கிறது. அடுத்த முறை இரண்டு நொடிகூடக் காத்திருக்க மாட்டார்.

அதோடு "கூச்ச சுபாவம்" என்ற முத்திரையும் விழுந்துவிட்டது, அதுவும் பிள்ளையின் காது கேட்க. பிள்ளைக்கு அது விளக்கமாகவும் ஆகிறது, அனுமதிச் சீட்டாகவும் ஆகிறது.

இந்த ஒரு காட்சியைப் பலவாகப் பெருக்கிப் பாருங்கள். வீட்டுப்பாடம் என்னவென்று வகுப்புத் தோழனுக்குப் போன் போட்டுக் கேட்கச் சங்கடமா, அப்பாவே அந்தத் தோழனின் அப்பாவிடம் கேட்டுவிடுகிறார். ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கத் தயக்கமா, அம்மா எழுதிக் கொடுத்துவிடுகிறார். மேடையேற வேண்டிய நாளில் காய்ச்சல் என்று கடிதம் போகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானது, அன்பானது. சேர்த்துப் பார்த்தால், பிள்ளை உலகத்தோடு நேரடியாக உரசும் இடங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிருக்கும்.

இது ஊகம் இல்லை. 1996-இல் ஆஸ்திரேலியாவில் பாலா பாரெட், ரான் ராப்பி, மார்க் டாட்ஸ் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளிடம் இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளக்கூடிய நிலைமைகளைச் சொன்னார்கள். சில பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள், நீ சேர்ந்துகொள்ள அவர்களை நோக்கிப் போகிறாய், அவர்கள் சிரிக்கிறார்கள். இப்போது நீ என்ன செய்வாய்? முதலில் பிள்ளை தனியாகப் பதில் சொன்னது. அப்புறம் பெற்றோரோடு சில நிமிடம் கலந்து பேசவிட்டு, மறுபடி அதே கேள்வியைக் கேட்டார்கள். பதற்றக் கோளாறு இருந்த பிள்ளைகள், குடும்பத்தோடு பேசிய பிறகு ஒதுங்கிப்போகும் வழியை முன்னைவிட அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். முரட்டுத்தனம் மிகுந்த பிள்ளைகளோ குடும்பத்தோடு பேசியபின் இன்னும் முரட்டுத்தனமான பதிலைச் சொன்னார்கள்.

இதற்கு யாரும் பிள்ளையைத் திட்டவோ பயமுறுத்தவோ வேண்டியதில்லை. "அவங்க உன்னைப் பார்த்துத்தான் சிரிச்சாங்களோ என்னவோ, விடு கண்ணு, வேற எங்கயாவது போய் விளையாடிக்க" என்ற பாணியில் ஆதரவாகப் பேசினாலே இந்த விளைவு வந்துவிடும். பிள்ளையின் பயத்தைக் குடும்பம் ஒப்புக்கொள்வது, அந்தப் பயத்துக்கு ஒரு சாட்சி கிடைத்த மாதிரி.

ராப்பியும் ஜெனிபர் ஹட்சனும் 2001-இல் இன்னொரு கோணத்தில் பார்த்தார்கள். பிள்ளைக்குக் கொஞ்சம் கடினமான புதிர் ஒன்று தரப்பட்டது; அம்மா பக்கத்தில் இருந்தார், தேவைப்பட்டால் மட்டும் உதவலாம். பதற்றம் உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள், எந்தக் கோளாறும் இல்லாத பிள்ளைகளின் அம்மாக்களைவிட அதிகமாகக் கைகொடுத்தார்கள், கேட்காமலேயே உள்ளே புகுந்தார்கள்.

அப்படியானால் பழி அம்மா மேலா? ரூபினும் சகாக்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு நல்ல பதில் தருகிறது. 2 வயதிலும் 4 வயதிலும் அதே குடும்பங்களைக் கவனித்தார்கள். 2 வயதில் "என் பிள்ளை கூச்சப்படுகிறது" என்று நினைத்த பெற்றோர், 4 வயதில் பிள்ளையைத் தானாக எதையும் செய்ய விடுவது குறைந்திருந்தது. ஆனால் 2 வயதில் சுதந்திரம் குறைவாகத் தரப்பட்டதால் 4 வயதில் கூச்சம் கூடியதாகத் தெரியவில்லை. அதாவது, முதல் அடியைப் பிள்ளையின் இயல்புதான் எடுத்து வைக்கிறது. பெற்றோர் அதற்கு ஈடுகொடுத்து இறங்கிவருகிறார்கள். பொத்திப் பொத்தி வளர்த்ததால் பிள்ளை இப்படி ஆனது என்று ஊரார் சொல்லும்போது, இப்படி இருந்ததால்தான் பொத்தி வளர்த்தோம் என்று அந்த வீட்டார் முணுமுணுப்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் அப்படிப் பொத்தி வளர்ப்பது பத்து வருடம் நீடித்தால், ஆரம்பம் யாருடையது என்பது முக்கியமில்லாமல் போய்விடுகிறது.

பிடி இறுகும் வீடு

எல்லா வீடும் இப்படிப் பரிவால் தவறுவதில்லை. ஆய்வாளர் பிரயன் பார்பர் 1996-இல் இரண்டு வகைக் கட்டுப்பாட்டைப் பிரித்துக் காட்டினார். இத்தனை மணிக்கு வீட்டுக்கு வா, இன்ன இடத்துக்குப் போகாதே என்பது நடத்தைக் கட்டுப்பாடு. அளவாக இருந்தால் அது பிள்ளைக்குப் பாதுகாப்பு. மனத்தைக் கட்டுப்படுத்துவது வேறு சமாசாரம்: குற்றவுணர்வைக் கிளப்புவது, பேசாமல் இருந்து தண்டிப்பது, "என்கிட்ட அன்பு இருந்தா இப்படிச் செய்வியா?" என்பது, பிள்ளை சொல்லவருவதை நடுவில் வெட்டிப் பேச்சை மாற்றுவது. இந்த இரண்டாம் வகை, பதின்பருவத்தினரிடம் மனச்சோர்வோடும் உள்ளுக்குள் புழுங்குவதோடும் தொடர்புடையது என்பது திரும்பத் திரும்ப உறுதிப்பட்டிருக்கிறது.

கூச்சமுள்ள பிள்ளையிடம் இது எப்படி வெளிப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை. "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்டியே, ஒரு வணக்கம் சொன்னா வாயில முத்தா உதிரும்?" "உன் தங்கச்சியைப் பாரு, எவ்வளவு நல்லாப் பழகுறா." விருந்தாளி போன பிறகு நடக்கும் இந்த விசாரணையால், மனிதர்களைச் சந்திப்பதன் விலை பிள்ளைக்கு இரட்டிப்பாகிறது. சந்திக்கும்போது ஒரு முறை வதை, சந்தித்து முடித்ததற்கு இன்னொரு முறை. அடுத்த தடவை அறையிலேயே இருந்துவிட்டால் ஒரு வதை மிச்சம் என்று பிள்ளை போடும் கணக்கில் பிழை சொல்ல முடியாது.

இதில் ஒரு வேடிக்கை, பரிவும் கடுமையும் ஒரே வீட்டிலேயே மாறி மாறி வருவதுதான். ஒருவர் பொத்துவார், மற்றவர் அதைப் பார்த்து எரிச்சலாகி இன்னும் கடுமையாவார், அதைப் பார்த்து முதலாமவர் இன்னும் பொத்துவார். பிள்ளையை வைத்துத் தொடங்கிய சண்டை கணவன் மனைவி சண்டையாகத் தொடரும்.

பெற்றோர் சண்டையைத் தனியாகப் பேச வேண்டும். உளவியலாளர்கள் பேட்ரிக் டேவிஸும் மார்க் கம்மிங்ஸும் 1994-இல் சொன்ன கருத்து இது: பெற்றோர் சண்டை பிள்ளையை வருத்துவதோடு நிற்பதில்லை, வீடு நிலையாக இருக்கும் என்ற அடிப்படை நம்பிக்கையையே ஆட்டிவிடுகிறது. அப்படி ஆடிப்போன பிள்ளைக்கு ஒரு வேலை வந்துசேர்கிறது. சத்தம் எந்த அறையிலிருந்து வருகிறது, அப்பாவின் காலடி இன்று எப்படி இருக்கிறது, அம்மா ஏன் பாத்திரத்தை இப்படி வைக்கிறார் என்று வீட்டைக் காவல் காக்கும் வேலை. கவனம் முழுக்க அதில் போனபின் தோழர்களுக்கு எங்கே மிச்சம்? இன்னொரு விளைவும் உண்டு, அதிகம் பேசப்படாதது. அந்தப் பிள்ளை யாரையும் வீட்டுக்குக் கூப்பிடாது. எப்போது என்ன வெடிக்கும் என்று தெரியாத வீட்டுக்குத் தோழியை எப்படி அழைப்பது? நம்மை அழைக்காதவர் வீட்டுக்கு நாம் எத்தனை முறை போவோம்? இப்படியே நட்பு ஒருபக்கமாகி, மெல்லத் தேய்ந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பிள்ளை கூச்ச சுபாவம். உள்ளே நடப்பது ரகசியக் காப்பு.

குடிப் பழக்கமோ, நீண்ட மனச்சோர்வோ, தீராத பணமுடையோ உள்ள வீடுகளிலும் இதே கதைதான் வேறு வேறு வடிவில்.

பெற்றோரின் சொந்தப் பழக்க வட்டமும் இதில் சேரும். இங்கிலாந்தில் லின் மரேயும் குழுவினரும், சமூகப் பயம் உள்ள அம்மாக்களையும் அவர்கள் குழந்தைகளையும் ஆராய்ந்தார்கள். அறிமுகமில்லாத ஒருவரிடம் அம்மா பதற்றமாகப் பேசுவதைப் பார்த்த குழந்தைகள், பத்து மாதத்திலிருந்து பதினாலு மாதத்துக்குள் அந்நியரைத் தவிர்ப்பது கூடியது. இயல்பிலேயே ஒடுங்கும் குழந்தைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பேசக்கூடத் தெரியாத வயதிலேயே பெரியவர் முகத்தைப் படித்து, இந்த ஆள் ஆபத்தா இல்லையா என்று முடிவு செய்கிறார்கள். பதின்மூன்று வயதில் படிக்க இன்னும் நிறைய இருக்கிறது. அழைப்பு மணி அடித்ததும் "யாரு இந்த நேரத்துல?" என்று முகம் சுளிக்கும் வீடு, விருந்தினர் கிளம்பியதும் அவரைப் பற்றிக் குறை பேசும் வீடு, யாருமே வராத வீடு. எல்லாமே பாடம்தான்.

கேட்டால் வராது

பிள்ளை ஒதுங்குவதைக் கவனித்த பெற்றோர் அடுத்துச் செய்வது விசாரணை. யார்கூட உட்கார்ந்தே, என்ன பேசினே, ஏன் பேசலை? ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெரும் 14 வயதினரையும் பெற்றோரையும் வைத்துச் செய்த ஆய்வு 2000-இல் வந்தபோது, பெற்றோரின் கண்காணிப்பு பற்றிய பல வருட நம்பிக்கையைக் குலைத்தது. பிள்ளையின் வெளியுலகம் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, பிள்ளையே தானாகச் சொன்னதால் தெரிந்தது. கேள்வி கேட்டும் கட்டுப்படுத்தியும் தெரிந்துகொண்டது சொற்பம்.

அதனால் கேள்வியைக் குறைத்து, பிள்ளை தானாகச் சொல்லக்கூடிய சூழலைக் கூட்டுவதுதான் பலன் தருவது. அந்தச் சூழல் ரொம்பச் சாதாரணமானது. நேருக்கு நேர் உட்கார்ந்து "சொல்லு" என்பதைவிட, பக்கத்தில் நடந்துகொண்டோ, வண்டியில் போய்க்கொண்டோ, சேர்ந்து ஒரு வேலை செய்துகொண்டோ இருக்கும்போது வார்த்தை வரும். வந்தபின் அதை வைத்து உடனே பாடம் நடத்தினால் அதுவே கடைசித் தடவை.

செல்போனைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாவற்றுக்கும் அதன்மீது பழி போடுவது வசதியாக இருக்கிறது. ஆனால் ஒதுங்கும் பிள்ளை கையில் போன் இருப்பதால் மட்டும் ஒதுங்குவதில்லை. பலருக்கு அது அடைக்கலம். குழுவாக விளையாடும் ஆட்டத்தில் தினமும் அதே நாலு பேரோடு பேசிச் சிரிக்கும் பையனுக்கு அது ஒரு திடல். மணிக்கணக்கில் மற்றவர்கள் போடும் படங்களை மட்டும் பார்த்து, ஒரு வரிகூட எழுதாத பெண்ணுக்கு அது திடலின் ஓரம். மணி நேரத்தை எண்ணுவதைவிட இந்த வித்தியாசத்தைப் பார்ப்பது உருப்படியானது.

கூச்சத்தின் விலையை யார் நிர்ணயிக்கிறார்

அமைதியான பிள்ளை என்பது எல்லாக் காலத்திலும் குறையாகப் பார்க்கப்பட்டதில்லை. உளவியலாளர் சின்யின் சென்னும் சகாக்களும் சீனாவின் ஷாங்காய் தொடக்கப் பள்ளிகளில் 1990, 1998, 2002 என மூன்று முறை திரட்டிய தகவல் இதற்குச் சான்று. 1990-இல் கூச்சமுள்ள பிள்ளைகளைச் சக மாணவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், ஆசிரியர்கள் மெச்சினார்கள், படிப்பும் நன்றாக இருந்தது. 1998-இல் இது கலவையாகிவிட்டது. 2002-இல் அதே கூச்சம் நிராகரிப்போடும் மனச்சோர்வோடும் சேர்ந்து வந்தது. பன்னிரண்டு வருடத்தில் பிள்ளைகளின் இயல்பு அப்படி மாறியிருக்க முடியாது. போட்டியும் தன்னை முன்னிறுத்துவதும் தேவைப்படும் சந்தைப் பொருளாதாரம் அந்த நகரத்துக்குள் வந்திருந்தது. அமைதியைப் பணிவு என்று கொண்டாடிய தலைமுறைப் பெற்றோர், தன் பிள்ளையின் அமைதிக்கு மட்டும் அபராதம் விழுவதைப் பார்க்கும்போது ஏற்படும் குழப்பம் உண்மையானது.

மறுமுனையில் ஜப்பானின் ஹிகிகோமோரி இருக்கிறது. ஆறு மாதத்துக்கும் மேலாகப் பள்ளி, வேலை, நட்பு என எதிலும் இல்லாமல் வீட்டோடு அடங்கிவிடுபவர்களை அப்படி அழைக்கிறார்கள். அந்நாட்டு அரசு 2022-இல் நடத்திய கணிப்பின்படி 15 முதல் 64 வயது வரையில் சுமார் 14.6 லட்சம் பேர். இதைச் சொல்வது யாரையும் மிரட்ட அல்ல. கூச்சப்படும் பிள்ளைகளில் ஆகப் பெரும்பாலோர் அந்தப் பக்கமே போவதில்லை. ஆனால் அங்கும் பல வீடுகளில் காட்சி ஒன்றுதான்: அவமானத்துக்குப் பயந்து வெளியே சொல்லாத குடும்பம், கதவருகே வைக்கப்படும் சாப்பாடு, எதையும் வற்புறுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகுமோ என்ற பயத்தில் தள்ளிப்போகும் ஆண்டுகள்.

எங்கிருந்து தொடங்குவது

ஒதுங்கும் பிள்ளைகளுக்கு நண்பர்களே இல்லை என்பது பொதுவான எண்ணம். ரூபின் குழு 2006-இல் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் பார்த்தபோது, அவர்களில் நெருங்கிய நண்பர் ஒருவராவது உள்ளவர்களின் அளவு மற்றவர்களோடு கிட்டத்தட்டச் சமமாகவே இருந்தது. குறை வேறு இடத்தில்: அந்த நண்பரும் இவரைப் போலவே ஒதுங்குபவர், நட்பிலும் கலகலப்பும் உதவியும் கொஞ்சம் குறைவு. அதற்காக அதை மட்டமாக நினைக்கக் கூடாது. ஒரே ஒரு நட்பு, பள்ளிப் படிக்கட்டில் தனியாக நிற்கும் நிலையிலிருந்து காப்பாற்றிவிடும். பெரிய கூட்டத்துக்குள் பிள்ளையைத் தள்ளிவிடுவதைவிட, இருக்கும் அந்த ஒருவரோடு இன்னும் ஒருவரைச் சேர்க்க இடம் கொடுப்பது நடக்கக்கூடிய காரியம். வீட்டுக்கு வரவழைக்கலாம், இரண்டு மணி நேரத்தோடு முடித்துக்கொள்ளலாம், செய்வதற்கு ஏதாவது ஒன்று இருப்பதாகப் பார்த்துக்கொள்ளலாம். வெறும் பேச்சு மட்டும் என்றால் திணறுவார்கள்.

பள்ளிக்கே போக மறுப்பது, சாப்பாடும் தூக்கமும் கெடுவது, வாழ்க்கை வெறுத்துப் பேசுவது, முன்பு நன்றாகப் பழகிய பிள்ளை சில வாரங்களில் முற்றாக அடங்கிவிடுவது, இவை வந்தால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். திடீர் அடங்கலுக்குப் பின்னால் கொடுமைப்படுத்தலோ துன்புறுத்தலோ இருக்கக்கூடும் என்பதை முதலிலேயே நினைவில் வைக்க வேண்டும்.

பிள்ளை வரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால்? இதற்கும் இப்போது வழி உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய சிகிச்சை முறையில் பிள்ளை மருத்துவரைப் பார்ப்பதே இல்லை, பெற்றோர் மட்டும் போகிறார்கள். 7 முதல் 14 வயது வரையிலான, பதற்றக் கோளாறுள்ள 124 பிள்ளைகளைக் கொண்டு நடந்து 2020-இல் வெளியான ஒப்பீட்டில், எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றப் பிள்ளைக்கே நேரடியாகத் தரப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு இது சளைத்ததாக இல்லை.

அதில் பெற்றோர் கற்பது, தாங்கள் பிள்ளைக்காகச் செய்துகொண்டிருக்கும் சின்னச் சின்ன ஏற்பாடுகளைக் கண்டுபிடிப்பது. யார் பதில் சொல்கிறார், யார் போன் செய்கிறார், எந்த அழைப்பை யார் மறுக்கிறார். அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றே ஒன்றை எடுப்பார்கள். பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்வார்கள்: "இது உனக்குக் கஷ்டம்னு எனக்குத் தெரியும். உன்னால தாங்கிக்க முடியும்னும் தெரியும். இனிமே உனக்குப் பதிலா நான் பதில் சொல்ல மாட்டேன்." முதல் பாதியை மட்டும் சொன்னால் அது பொத்தி வளர்ப்பது, இரண்டாம் பாதியை மட்டும் சொன்னால் அது கண்டிப்பு, இரண்டும் சேர்ந்தால்தான் மருந்து. இதில் மாற்றிக்கொள்ள வேண்டியது பெற்றோர் தங்கள் நடத்தையை மட்டுமே. பிள்ளை இன்னதைச் செய்தாக வேண்டும் என்று நிபந்தனை எதுவும் கிடையாது. ஆரம்ப நாட்களில் பிள்ளை அழும், கோபப்படும், "உங்களுக்கு என்மேல அக்கறையே இல்லை" என்று சொல்லும். நல்ல சிகிச்சையாளர் இதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லித் தயார்படுத்திவிடுவார். அந்த நாட்களில் தாத்தா பாட்டியோ, குடும்ப நண்பரோ, பள்ளியில் ஓர் ஆசிரியரோ பெற்றோருக்குத் துணையாக இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்வதும் நல்லது. விருந்தாளி கேள்வி கேட்டு நாலைந்து நொடி மௌனம் நீளும்போது வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, பார்ப்பதற்கு எளிது, தனியாகச் செய்யக் கடினம்.